ஊர்க்காசுல எழுதின புத்தகம் யாருக்குங்க சொந்தம்?

பதிவு எழுதி ரெண்டு மாசமாச்சு. சோம்பேறித்தனந்தான், வேறொண்ணுமில்லை :-)

போன மாசம் திருப்பூர் போயிருந்தேன். அங்கே அரசுப் பள்ளியில டீச்சரா இருக்கிற எங்க அக்கா, பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசா, பீகார்னு வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் செஞ்சிருந்தாங்க. ஒண்ணாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் படங்களும் வார்த்தைகளும் அப்படியே இருக்கும், பக்கத்துல இந்தியில அர்த்தம். சுத்துவட்டாரப் பள்ளிகளுக்கும் சேர்த்து 500 பிரதி போடலாம்னு அச்சகத்துக்குப் போனா, அவர் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், இது கவர்மெண்ட் புஸ்தகமாச்சே. அனுமதிக் கடுதாசி இருக்குதுங்களா?"

அவர் கேட்டதுல தப்பில்லை. அக்காவும் ஓர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாங்க. பதில் வரலை. புத்தகம் பதினஞ்சு ஜெராக்ஸ் பிரதியோட நின்னு போச்சு.

மக்கள் வரிப்பணத்துல எழுதி, மக்களுக்கு இலவசமாக் கொடுக்கிற புத்தகத்தை, அதே மக்கள் பிள்ளைகளுக்காக மொழிபெயர்க்க முடியலைன்னா என்ன அர்த்தம்? வீட்டுக்கு வந்தும் மண்டைக்குள்ள இதே ரோசனை. தோண்டிப் பார்த்தா, நம்ம கொங்குச் சீமையிலேயே இதுக்கு ஒரு பழைய கதை இருக்குதுங்க.

கதையின் நாயகர் திருப்பூர்க்காரர், தி.சு. அவினாசிலிங்கம். 1930ல் கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை ஆரம்பித்தவர். 1946ல் இருந்து 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். அவர் அமைச்சரா இருந்தப்பதான், ஓமந்தூரார் அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையை வாங்கும் முடிவை 1949ல் எடுத்தது. ஒரு கவிஞரின் எழுத்தை நாட்டுடைமையாக்குறதுங்கிற வழக்கம் தமிழ்நாட்டுல அங்கேதான் தொடங்குது.

இதுல பலபேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. 1949ல் பாரதி அரசாங்கத்துக்குச் சொந்தமானார். ஆனா யார் வேணும்னாலும் கேட்காமலே அச்சடிச்சுக்கலாம்னு ஆனது 1955ல்தான். உரிமை அரசாங்கத்துக்கிட்ட வர்றதும், அது மக்கள்கிட்ட போறதும் ஒண்ணு இல்லீங்க. நடுவுல இருந்த தூரம் ஆறு வருசம்.

அதே அவினாசிலிங்கம் 1946ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை உண்டாக்கினார். அதன் பெரிய வேலைதான் தமிழ்க் கலைக்களஞ்சியம். முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசுல 1908ல் பிறந்து, வித்யாலயத்துல வாத்தியாரா இருந்தவர். 1954ல் இருந்து 1968 வரை 10 தொகுதிகள். அது முடிஞ்ச கையோட குழந்தைகள் கலைக்களஞ்சியம், 1976 வரை இன்னொரு 10 தொகுதிகள். மத்திய, மாநில அரசுகளின் பணமும் இதுல இருக்கு, நன்கொடையும் இருக்கு. ஆக, பொதுப்பணத்துல தமிழ்ல வந்த மிகப்பெரிய கல்விச் செல்வங்கள்ல இதுவும் ஒண்ணு. ஆனா ரொம்ப காலத்துக்கு நூலக அலமாரிதான் இதுக்கு வீடு. இன்னிக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துல பக்கம் பக்கமாப் படிக்கலாம்.

தூரன் சொந்தமா எழுதின நூல்களின் கதை வேற. அதெல்லாம் நாட்டுடைமையாச்சு. 2015-16 வாக்கில் தமிழ் இணையக் கல்விக்கழகம், நாட்டுடைமை நூல்கள் 2,000க்கும் மேல விக்கிமூலத்துக்குக் கொடுத்துச்சு. எந்த நிபந்தனையும் இல்லாத கிரியேட்டிவ் காமன்ஸ் பொதுக்கள உரிமம், முதல் பக்கத்துலேயே எழுதி. அந்த ஒரு வரி இருந்ததாலதான் தன்னார்வலர்கள் தைரியமா உட்கார்ந்து, படமா இருந்த பக்கங்களை எழுத்தாக்கி, மெய்ப்புப் பார்த்தாங்க. தூரன் எழுதின சிறுவர் கதைகள் இப்ப கைபேசியிலயே கிடைக்குது. மாத்தி அச்சடிக்கலாம், நாடகம் போடலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

சரி, பாடநூலுக்கு வருவோம். நம்ம நாட்டுச் சட்டப்படி அரசு வெளியீட்டுக்குக் காப்புரிமை 60 வருசம். 2018ல் வந்த பாடநூல் தானாப் பொதுச்சொத்தாக 2079ஆம் வருசம் பிறக்கணும். அக்கா வகுப்புல இருக்கிற ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு அப்போ பேரன் பேத்தி இருக்கும்! இணையத்துல பிடிஎஃப் இலவசமாக் கிடைக்குதே, அது போதாதான்னு கேப்பீங்க. போதாதுங்க. இலவசமாப் படிக்கலாம்ங்கிறது வேற, எடுத்து மாத்தி மறுபடி வெளியிடலாம்ங்கிறது வேற. நம்ம பதிவுகளும் இலவசந்தான். அதுக்காக எவனாவது அப்படியே சுட்டுத் தன் பேர்ல போட்டா சும்மா விடுவோமா?

இதுக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 2013ல் மத்திய அரசு தொடங்கின திறந்த கல்வி வளக் களஞ்சியம், பேரைச் சொல்லி, அதே உரிமத்துல பகிர்ந்தா யாரும் எடுத்துக்கலாம்னு சொல்லுச்சு. சென்னை ஐஐடியும் மத்த ஐஐடிகளும் சேர்ந்து நடத்துற என்பிடெல் பாடங்களும் அதே வழிதான். 2019ல் யுனெஸ்கோவும் திறந்த கல்வி வளங்கள் பற்றி உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரை கொடுத்துச்சு.

கொள்கை எழுதறது சுலபம், நடைமுறைதான் கஷ்டம்னு எனக்கும் தெரியும். பாடம் எழுதுறவரோடயும் படம் வரையிறவரோடயும் ஒப்பந்தம் போடும்போதே உரிமம் பத்திப் பேசணும். வெளியிலிருந்து வாங்கின புகைப்படம், கதை எதுன்னு தனியாக் குறிக்கணும். பிடிஎஃப் மட்டும் கொடுக்காம, திருத்தக்கூடிய யூனிகோடு கோப்பும் கொடுக்கணும். கடைசியா, முதல் பக்கத்துல தமிழ்ல ஒரு வரி போடணும். அந்த வரி இருந்திருந்தா அச்சகக்காரர் கடுதாசி கேட்டிருக்கவே மாட்டார்.

போன வாரம் அக்கா போன் பண்ணினாங்க. இப்ப அவங்க வகுப்புப் பிள்ளைகளே படம் வரையறாங்களாம். ஒரு ஒடியாப் பொண்ணு வரைஞ்ச பசுமாட்டுக்கு அஞ்சு காலாம் :-) வார்த்தைகளும் பாடநூலைப் பார்க்காம புதுசா எழுதினது. பின்னட்டையில என்ன போடட்டும்னு கேட்டாங்க. "யாரும் எடுக்கலாம், மாத்தலாம், அச்சடிக்கலாம். எங்க பேரை மட்டும் சொல்லுங்க"ன்னு போடுங்கக்கான்னு சொன்னேன்.

உங்க ஊர் வாத்தியார்கள் யாராச்சும் இந்த மாதிரி ஏதாவது செஞ்சு வெச்சிருக்காங்களா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.