கேபிளா, வைஃபையா: விண்டோஸும் லினக்ஸும் வழி தேரும் விதம்

திருநின்றவூருக்கு மேற்கே, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அந்தத் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே கணினி, ஒரே வைஃபை, ஒரே கேபிள். ஆனால் இரண்டு இணைப்பும் ஒருசேரக் கிடைத்தால் எதன் வழியாக இணையத்துக்குப் போவது என்பதில் விண்டோஸ் ஒரு கணக்குப் போடுகிறது, லினக்ஸ் வேறொரு கணக்குப் போடுகிறது.

அடிப்படை விதி இரண்டுக்கும் பொது. போகவேண்டிய முகவரிக்கு மிகக் குறிப்பாகப் பொருந்தும் பாதை எதுவோ, அதுவே முதலில். உதாரணமாக, ஒரு பட்டறைக்குள் இருக்கும் பிரிண்டருக்கோ சிஎன்சி இயந்திரத்துக்கோ அந்த உள் நெட்வொர்க்கின் பாதை தனியாகப் பதிவாகியிருப்பதால், பொதுவாக அங்கே குழப்பம் வராது. வெளி இணையத்துக்கான இயல்புப் பாதைகள் இரண்டு இருக்கும்போதுதான் போட்டி. அப்போது 'மெட்ரிக்' என்ற எண் தீர்ப்புச் சொல்லும்: குறைந்த எண் வெல்லும்.

அந்த எண்ணை யார், எதைப் பார்த்துப் போடுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. விண்டோஸ் 10 இணைப்பின் வேகத்தைப் பார்க்கிறது. 1 கிகாபிட் கேபிளுக்கு 25, 100 மெகாபிட் கேபிளுக்கு 35. ரூட்டருக்குப் பக்கத்தில் 866 மெகாபிட்டில் இணைந்த வைஃபைக்கு 30. ஆகவே பழைய 100 மெகாபிட் சுவிட்சில் செருகிய கேபிள் வைஃபையிடம் தோற்றுப்போகும். அதே வைஃபை தூரத்து மூலையில் 100 மெகாபிட்டில் இணைந்தால் எண் 45. இப்போது கேபிள் முந்தும். மேசையை மாற்றினால் பாதையும் மாறக்கூடும்.

லினக்ஸில் பரவலாக உள்ள நெட்வொர்க் மேனேஜர் வேகத்தைக் கேட்பதே இல்லை. வகையை மட்டும் பார்க்கிறது. கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600, மொபைல் மோடத்துக்கு 700. திருநின்றவூரிலிருந்து சென்னைக்குப் போகிறவர், பஸ் எவ்வளவு காலியாக இருந்தாலும் மின்சார ரயிலுக்கே முதலிடம் தருவது போன்ற பிடிவாதம் இது. இதில் ஒரு விநோதமும் உண்டு: கைப்பேசியை யுஎஸ்பியில் செருகி இணையம் பகிர்ந்தால் லினக்ஸ் அதைக் கேபிள் என்றே எண்ணிக்கொள்ளும், இயங்கிக்கொண்டிருந்த வைஃபை பின்னுக்குப் போய்விடும், டேட்டா கரையும்.

சிறு தொழிற்கூட அலுவலகங்களுக்கு லினக்ஸின் முறையே நல்லது என்பேன். இ-வே பில் போடும் கணினி எந்த வழியாக வெளியே போகிறது என்பதை நேற்றுப் போலவே இன்றும் சொல்லிவிடலாம். விண்டோஸ் நம்பும் வேகமோ கணினிக்கும் ரூட்டருக்கும் இடையில் உள்ளது. ரூட்டருக்கு அப்பால் இணையம் ஆமை வேகத்தில் இருந்தாலும் அந்த எண்ணுக்குத் தெரியாது.

ஆனால் லினக்ஸின் பிடிவாதத்துக்கும் விலை உண்டு. இயந்திரங்களுக்கு மட்டுமான, வெளியுலகத் தொடர்பே இல்லாத நெட்வொர்க்கின் கேபிளைச் செருகுகிறோம். அது, வெளியே போகும் வாசல் என்று ஒரு கேட்வே முகவரியையும் தந்துவிடுகிறது. லினக்ஸ் இணையப் போக்குவரத்தை அந்த முட்டுச்சந்துக்கே அனுப்பும். இணையம் கிடைக்கிறதா என்று சோதிக்கும் வசதியை இயக்கி வைத்திருந்தால் தானாகவே தப்பிக்கலாம்: சோதனையில் தோற்ற இணைப்பின் எண்ணில் 20,000-ஐக் கூட்டி, நெட்வொர்க் மேனேஜர் அதைப் பின்னால் தள்ளிவிடும்.

முட்டுச்சந்தை அடைக்க இரண்டிலும் வழி உண்டு. விண்டோஸில் 'ஆட்டோமேட்டிக் மெட்ரிக்' குறியை எடுத்துவிட்டு, இணையம் தரும் இணைப்புக்குச் சிறிய எண்ணை நாமே எழுதலாம். லினக்ஸிலும் மெட்ரிக்கைக் கையால் குறிக்கலாம். அதைவிட உறுதியானது, இயந்திர நெட்வொர்க்கின் முகவரியைக் கையால் கொடுத்து, கேட்வே கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவது. கேட்வே இல்லையென்றால் அந்தக் கேபிள் இயல்புப் பாதைக்கான போட்டியிலேயே நிற்காது.