சுற்றுப்பாதைத் தளப் பொருத்தம்

சுற்றுப்பாதைத் தளப் பொருத்தம் என்பது, ஏவும்போதே விண்கலத்தின் பாதைத் தளத்தை இலக்கின் தளத்தோடு ஒன்றச்செய்யும் உத்தி. 2015இல் முழுமையாக வெளியான ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ சிமுலேட்டரில் கெர்பின் கோளின் நிலவான மின்மஸின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்ந்தது; ஏவுதளமோ ஏறத்தாழ நிலநடுக்கோட்டில் உள்ளது. கெர்பினின் 6 மணி நேர நாளில் ஏவுதளம் மின்மஸின் பாதைத் தளத்தை இருமுறை கடக்கும். பாதை நிலநடுக்கோட்டை வடக்கு நோக்கிக் கடக்கும் ஏறுகணுவுக்குக் கீழே வரும்போது, வடக்கிலிருந்து கிழக்காக அளந்த 84 பாகைக்குச் சற்றுக் குறைவான திசையிலும், தெற்கு நோக்கிக் கடக்கும் இறங்குகணுவில் 96 பாகைக்குச் சற்றுக் கூடுதலான திசையிலும் கலம் செலுத்தப்படும். எளிதில் விட்டுப்போகும் இச்சிறு திருத்தம், கோளின் சுழற்சி ஏற்கெனவே தரும் கிழக்கு வேகத்தை ஈடுகட்டுவது. 80 கி.மீ. உயரத்தில் சுற்றத் தொடங்கியபின் தளத்தை மாற்றினால் நொடிக்குச் சுமார் 240 மீட்டர் வேகமாற்றம் வீணாகும். 51.6 பாகைச் சாய்வில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் பைகானூர் ஏவுதளத்திலிருந்து புறப்படும் சோயுஸ் கலங்களின் ஏவுநேரத்தையும் இத்தளப் பொருத்தக் கணக்கே தீர்மானிக்கிறது.