பாற்பற்கள் சொல்லும் வரலாறு



திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் பாதையில், குச்சவெளிக்கு வடக்கே அமைந்துள்ள பழம்பெரும் கிராமம் திரியாய். அங்குள்ள குன்றின் பாறையிற் பொறிக்கப்பட்ட சமஸ்கிருதக் கல்வெட்டொன்று இரு வணிகர்களின் பெயரைக் கூறுகின்றது. அவர்கள் புத்தருக்குத் தேன் கலந்த உணவு அளித்தவர்கள் என்பது பௌத்த மரபு. அக்கால மக்கள் அறிந்த இனிப்புகளுள் தேனும் ஒன்று என்பதை இம்மரபு நமக்கு நினைவூட்டுகின்றது.

தேனைக் காட்டிலே தேட வேண்டும். பனங்கட்டியையோ அடுப்பருகே நின்று காய்ச்ச வேண்டும். உழைப்பின்றிக் கிடைக்காமையால் இனிப்பு அளவோடு இருந்தது.

கரும்பிலிருந்து சர்க்கரை எடுக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது. கரும்புச் செய்கையை மத்தியதரைக் கடல் நாடுகளிற் பரப்பியவர்கள் அரபு முஸ்லிம்கள். பின்னர் ஐரோப்பியர், அடிமைகளின் உழைப்பைச் சுரண்டி அதனை மலிவுப் பண்டமாக்கினர். இலங்கையிலோ இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் 1970களிலும் சீனி பங்கீட்டுப் பொருளாக இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் இறக்குமதி பெருகியது. நமது மாவட்டத்தின் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. ஆயினும் சீனி குறையவில்லை, கப்பலில் வந்தது. 2009இல் போர் ஓய்ந்து வீதிகள் சீரானபின், இனிப்புப் பானங்களும் பிஸ்கட்டுகளும் கிராமத்துச் சிறு கடைகள் வரை எளிதாக வந்து சேர்ந்தன.

இதனால் விளைந்தது என்ன? இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள்!

பல்லிலே பூச்சி இருக்கிறது என்று நம் முன்னோர் கூறினர். உண்மையில் அங்கே புழு எதுவும் இல்லை. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சீனியை அமிலமாக மாற்றுகின்றன; அவ்வமிலமே பல்லை அரிக்கின்றது. ஒவ்வொரு முறை இனிப்பு உண்டபின்னும் உமிழ்நீர் அதனைச் சரிசெய்ய அரை மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். ஆகவே எவ்வளவு உண்டோம் என்பதோடு எத்தனை தடவை உண்டோம் என்பதும் முக்கியம். சீனிப் பால் நிறைந்த போத்தலுடன் உறங்கும் குழந்தையின் பற்களோ இரவு முழுதும் அமிலத்தில் ஊறுகின்றன.

“விழப்போகும் பல்தானே” என்று சிலர் அலட்சியம் செய்கின்றனர். பாற்பற்கள் இருபது. அவற்றுள் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியவை. அவை நிலையான பற்களுக்கு இடம்பிடித்து வைத்திருக்கின்றன. பல்வலியால் உண்ணாத குழந்தை மெலிகின்றது. உறங்காத குழந்தை பாடத்திலும் பின்தங்குகின்றது.

இது விதியன்று என்பதற்கு வரலாறே சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது நோர்வே முதலான நாடுகளிற் சீனி அரிதாயிற்று. சிறார்களின் பற்சிதைவும் குறைந்தது. போர் முடிந்து சீனி திரும்பியபோது நோயும் திரும்பியது. அன்று பஞ்சம் செய்த காரியத்தை இன்று நாம் அறிவினாற் செய்ய இயலாதா?

சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிட்டால், ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் மொழிந்துள்ளார்கள். வாய்ச் சுத்தத்திற்கு இதைவிட வேறென்ன வலியுறுத்தல் வேண்டும்?

எனவே, முதற்பல் முளைத்த நாள் முதல் துலக்கிவிடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசிமணியளவு புளோரைட் பற்பசை போதும். இரவிற் பல் துலக்கியபின் தண்ணீர் மட்டும் கொடுங்கள். இனிப்பை உணவு வேளையோடு நிறுத்துங்கள். 2016 முதல் நம் நாட்டு இனிப்புப் பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் வண்ணக் குறியீடு உண்டு. சிவப்பைக் கண்டால் பிள்ளைக்கு வாங்காதீர்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் புன்னகையும் அவ்வமானிதத்தில் அடங்கியதே. அதனைப் பேணிக் காக்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!