அந்த பூட்ஸ் கால்கள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரமாகவே ஒரு நடைபாதை போகிறது. மைன்ஹெட்டில் ஆரம்பித்து பூல் துறைமுகம் வரை 630 மைல்! டிசம்பர் குளிரில் கார்ன்வால் பக்கம் நடக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும். மேலே சமதரை இருக்க, இந்தப் பாதை ஏன் ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கி, மூச்சிரைக்க மறுபடி ஏறுகிறது?

கடத்தல்தான் காரணம்! பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே டீத்தூளுக்கு வரியே நூறு சதவிகிதத்தைத் தாண்டியது. விடுவார்களா மக்கள்? ராத்திரியோடு ராத்திரியாகப் படகுகளில் டீயும் பிராந்தியும் வந்து இறங்கின. 1784-ல் டீ வரியைப் பன்னிரண்டரை சதவிகிதமாகக் குறைத்தார் பிரதமர் பிட். பிராந்தி, புகையிலைக் கடத்தலோ நிற்கவில்லை. 1822-ல் பிறந்தது கடலோரக் காவல்படை. ஒரு குடா விடாமல் எட்டிப் பார்த்தாக வேண்டும் என்பது உத்தரவு. அவர்களுடைய பூட்ஸ் கால்கள் தேய்த்துப் போட்ட தடம்தான் இந்தப் பாதை!

குளிர்காலத்தில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் கும்மிருட்டு. நாமென்றால் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு சூடாக டீ தேடுவோம். காவலருக்கோ அப்போதுதான் டியூட்டியே ஆரம்பம். காற்று, மழை, வழுக்குப் பாறை... சரி, ஊர்க்காரர்களாவது இரக்கப்பட்டார்களா? ஊரில் பாதிப்பேர் கடத்தலில் பங்காளிகள் ஆயிற்றே! காவலர்களுக்கு வீடு கொடுக்கக்கூட ஆளில்லை. கடைசியில் அவர்களுக்கென்றே தனியாக வீடுகள் கட்ட வேண்டியதாயிற்று. பாதையோரம் வரிசையாக நிற்கும் அந்த வீடுகளை இன்றும் பார்க்கலாம். அவற்றில் சிலவற்றை இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.