கேன்ட் சார்ட்: ஒரு பெயர் வந்த வழி

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அதை ‘பார் சார்ட்’ என்பார்கள். மென்பொருள் நிறுவனங்களில் ‘கேன்ட் சார்ட்’. இடப்பக்கம் வேலைகளின் பட்டியல், மேலே வாரங்களும் மாதங்களும், நடுவே நீளமும் குட்டையுமாகப் பட்டைகள். வேலையில் இருந்துகொண்டே திட்ட மேலாண்மை படிக்க வரும் மேலாளர்களுக்குத் தொடக்க வகுப்புகளிலேயே அறிமுகமாகிவிடும் படம் இது. பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர் 35 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அந்த நேரத்துக்குள் கேன்ட் என்ற பெயரைக் கேட்காதவர் அநேகமாக இருக்க மாட்டார். கேன்ட் யார், இந்தப் படத்தை எதற்காக வரைந்தார் என்ற கதையைத்தான் வகுப்பில் விரிவாகச் சொல்வதில்லை. அதைச் சொன்னால் படத்தைப் பயன்படுத்தும் முறையே மாறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெயரின் பின்பாதியான ‘சார்ட்’ நமக்குத் தூரத்து உறவு. பாப்பிரஸ் தாளைக் குறித்த ‘கார்த்தேஸ்’ என்ற கிரேக்கச் சொல் லத்தீனில் ‘கார்ட்டா’ ஆனது. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது சார்ட். போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது நம் ‘கடுதாசி’.

முன்பாதி ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஹென்றி லாரன்ஸ் கேன்ட் 1861இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு குடும்பம் நொடித்துப்போனது. வசதியற்ற சிறுவர்களுக்காக நடத்தப்பட்ட மெக்டொனா பள்ளியில் படித்தார். பட்டம் பெற்றபின் அதே பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். 1884இல் இயந்திரப் பொறியியல் முடித்து, 1887இல் மிட்வேல் எஃகு ஆலையில் பிரெடரிக் டெய்லருடன் சேர்ந்தார். ‘அறிவியல் மேலாண்மை’ என்று இன்று பாடநூல்கள் பேசும் இயக்கம் உருவான இடங்களில் அந்த ஆலையும் ஒன்று.

கேன்ட் பொறியாளரானபின்னும் ஆசிரியர் குணம் அவரை விட்டுப் போகவில்லை. 1908இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரையின் பொருளே தொழிலாளருக்குப் பயிற்சி அளிப்பதுதான். அவர் வகுத்த ஊக்கத்தொகை முறையில், அன்றைய இலக்கை முடித்த தொழிலாளிக்குப் போனஸ் உண்டு. போனஸ் வாங்கிய ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் ஃபோர்மேனுக்கும் ஒரு தொகை உண்டு. அவருக்குக் கீழ் உள்ள எல்லோரும் இலக்கைத் தொட்டால் அது இன்னும் கூடும். விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த ஃபோர்மேன், பின்தங்கியவருக்குக் கற்றுக்கொடுத்தால்தான் தனக்கும் லாபம் என்ற நிலைக்கு வந்தார்.

அவர் படங்களையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 1903இலேயே தினசரி உற்பத்திக் கணக்கை வரைபடமாகக் காட்டும் முறை பற்றி அதே சங்கத்தில் கட்டுரை வாசித்திருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆயுதத் தளவாட உற்பத்திக்காக உழைத்தபோது படங்கள் முழு வடிவம் பெற்றன. ஆள் கணக்குப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். கட்டத்தின் முழு அகலம், அன்று முடிந்திருக்க வேண்டிய வேலை. முடிந்த அளவுக்கு மெல்லிய கோடு ஓடும். வாரத்தின் மொத்தக் கணக்கைத் தடித்த கோடு காட்டும். கோடு பாதியில் நின்றால், மிச்ச வெற்றிடத்தில் ஒரே ஓர் எழுத்து இருக்கும். ஆள் வரவில்லை என்பதற்கு ஓர் எழுத்து, ஆள் புதியவர் என்பதற்கு ஓர் எழுத்து. மூலப்பொருளில் சிக்கல், கருவியில் சிக்கல், பழுதுபார்க்கும் வேலை, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லப்படவில்லை என்று ஒவ்வொரு காரணத்துக்கும் தனி எழுத்து.

அந்தப் பட்டியலில் தொழிலாளியின் பொறுப்பாகக் கூடியவை ஒன்றிரண்டுதான். பொருள் வந்து சேராதது, கருவி சரியில்லாதது, கட்டளை தெளிவில்லாதது, புதியவருக்குப் பழக்கிவிடாதது எல்லாம் மேலாளர் பதில் சொல்ல வேண்டியவை. தொழிலாளியின் பெயருக்கு எதிரே வரையப்பட்ட படத்தில் மேலாளரின் குறைதான் பதிவானது. கேன்ட் விரும்பியதும் இதையே.

1919இல் கேன்ட் காலமானார். மூன்றாண்டு கழித்து, 1922இல், அவருடன் பணியாற்றிய வாலஸ் கிளார்க் ஒரு நூல் வெளியிட்டார். நூலின் தலைப்பே ‘தி கேன்ட் சார்ட்’. காரண எழுத்துகள் உட்பட எல்லாவற்றையும் விளக்கிய அந்த நூல் பல மொழிகளுக்குப் போனது. பெயரும் கூடவே போனது. இறந்தவருக்கு நண்பர் செய்த மரியாதை, உலகம் முழுதும் ஒரு கருவியின் பெயராக நிலைத்துவிட்டது.

இதே காலத்தில் போலந்துக்காரர் ஒருவரும் இதே வழியில் நடந்திருந்தார். காரோல் ஆதமியெத்ஸ்கி என்ற அந்தப் பொறியாளர் ரோலிங் மில்களில் வேலை பார்த்தவர். ஒரு வேலை முடியக் காத்திருந்தே அடுத்த வேலையின் நேரம் வீணாவதைக் கண்டு, 1896 வாக்கில் ஒரு படமுறையை உருவாக்கினார். கேன்ட் அமெரிக்காவில் கட்டுரை வாசித்த அதே 1903இல், ரஷ்யப் பேரரசில் அடங்கியிருந்த எகாதெரினோஸ்லாவ் நகரில், இன்றைய உக்ரைனின் தினிப்ரோவில், பொறியாளர் சங்கத்தின் முன் தன் ஆய்வை எடுத்துரைத்தார். அவர் படத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காகிதக் கீற்று. எந்த வேலைக்குப் பின் இது வரும், எந்த வேலை இதற்குப் பின் வரும் என்பதும் அந்தக் கீற்றிலேயே இருக்கும். தேதி மாறினால் கீற்றை நகர்த்திக்கொள்ளலாம்.

அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஹார்மோனோகிராம்’. ‘ஹார்மோஸ்’ என்றால் கிரேக்கத்தில் மூட்டு, பொருத்து. ‘கிராம்மா’ என்றால் எழுதப்பட்டது. வேலைகளைப் பொருத்திக் காட்டும் எழுத்து என்று பொருள் கொள்ளலாம். படத்தின் உள்ளடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. ஆனால் அவர் எழுதியது போலிஷிலும் ரஷ்யனிலும். ஆங்கில உலகுக்கு அது உரிய காலத்தில் எட்டவில்லை. போலந்தில் மட்டும் சொல் மக்கள் வழக்கில் கலந்தது. குப்பை வண்டி வரும் நாட்களின் அட்டவணைகூட அங்கே ஹார்மோனோகிராம்தான். அந்த நாட்டிலேயே இன்று ‘கேன்டின் ஹார்மோனோகிராம்’ என்ற தொடரும் வழங்குகிறது. ஆதமியெத்ஸ்கியின் சொல்லோடு கேன்டின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

1957, 1958 ஆண்டுகளில் டூபான்ட் நிறுவனத்தில் சி.பி.எம். முறையும், அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் பெர்ட் முறையும் பிறந்தன. வேலைகளுக்கு இடையிலான தொடர்பைக் கணக்கிடும் முறைகள் இவை. பின்னால் கணினி மென்பொருள்கள் பட்டைகளையும் இந்தத் தொடர்புகளையும் ஒரே திரையில் இணைத்தன. இன்று நாம் கேன்ட் சார்ட் என்று திறக்கும் படத்தில் பட்டைக்குப் பட்டை ஓடும் அம்புக்குறிகள், கருத்தளவில் ஆதமியெத்ஸ்கிக்கு நெருக்கமானவை. கேன்டுக்கே உரிய காரண எழுத்துகள் வழக்கத்திலிருந்து மறைந்துவிட்டன. பெயர் தங்கியது, அந்தப் பெயருக்குரியவர் முக்கியமாக நினைத்தது கழன்றுபோனது.

இது பழங்கதையாக மட்டும் நின்றுவிடும் விஷயமல்ல. பயிற்சி முடித்துத் திரும்பும் மேலாளர் பலர், திட்டத்தின் தொடக்கத்தில் அழகான பட்டைகளை வரைந்து மேலிடத்துக்கு அனுப்புகிறார்கள். வேலை தள்ளிப்போனால் பட்டையை இழுத்து நீட்டுகிறார்கள். ஏன் நீண்டது என்று பட்டை சொல்வதில்லை. அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லத் திணறுபவர், பெரும்பாலும் கீழ்நிலையில் இருக்கும் பொறியாளர். கேன்டின் பெயரால் நடக்கும் இந்தப் பழக்கம் கேன்டின் நோக்கத்துக்கு நேர் எதிரானது.

பயிற்சி கொடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: கேன்ட் சார்ட்டைக் கற்பிக்கும்போது காரண எழுத்துகளையும் சேர்த்துக் கற்பியுங்கள். பயிற்சிக்கு வரும் மேலாளர்களுக்கும் ஒன்று சொல்வேன். நாளை உங்கள் திட்டத்தில் ஒரு பட்டை தள்ளிப்போனால், அதன் பக்கத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அந்தக் காரணம் உங்கள் கையில் இருப்பதா, வேலை செய்பவர் கையில் இருப்பதா என்று நேர்மையாகப் பாருங்கள். உங்கள் கையில் இருப்பதை முதலில் சரிசெய்யுங்கள்.