பெரட்டில் சொன்ன பழி: 1988ஆம் ஆண்டு நீதித்துறை நெருக்கடி தரும் பாடம்

கேமரன் மலையின் வடபகுதியில், தேயிலைச் சரிவுகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்தது கோலா தெர்லா. தோட்ட வாழ்வை அறிந்த நமக்குப் பெரட்டுக் களம் புதிதன்று. விடியற்காலையில் ஆட்கணக்கு எடுக்கும் அவ்விடத்தில் ஒருவர்மீது பழி சொல்லப்பட்டால், மாலைக்குள் அது லயம் முழுதும் பரவிவிடும். அப்பழி பிழையென்று பின்னர்த் தெரியவந்தால், அவரைத் தனியே அழைத்துச் சில வெள்ளியைக் கையில் கொடுப்பது போதுமா? போதாது. பலர் அறியச் சொன்னதைப் பலர் அறியவே திரும்பப் பெறுதல் வேண்டும். இவ்வெளிய அளவுகோலைக் கொண்டு நம் நாட்டு வரலாற்று நிகழ்வொன்றை இவ்வுரையில் அளந்து பார்ப்போம்.

1987ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த அம்னோ கட்சித் தேர்தலில் பிரதமர் மகாதீர் 43 வாக்குகளில் வென்றார். தோற்ற அணியினர் வழக்குத் தொடுத்தனர். 1988 பிப்ரவரி 4ஆம் நாள் உயர்நீதிமன்றம் அம்னோவைச் சட்டத்துக்குப் புறம்பான அமைப்பென அறிவித்தது. அடுத்த மாதமே, நீதித்துறையின் அதிகாரத்தைக் கூறும் அரசமைப்பின் 121ஆம் விதி திருத்தப்பட்டது. பிரதமரோ நீதிபதிகளை வெளிப்படையாகவே கண்டித்து வந்தார். மனம் வருந்திய தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ், மார்ச் 26ஆம் நாள் மாமன்னருக்கும் ஏனைய ஆட்சியாளர்களுக்கும் கடிதம் எழுதினார்.

அம்னோ வழக்கின் மேல்முறையீட்டை ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஜூன் 13ஆம் நாள் விசாரிப்பதாக இருந்தது. அதற்கு முன்பே, மே மாத இறுதியில், சாலே அபாஸ் இடைநீக்கம் செய்யப்பட்டார். முதலில் பதவி விலக இசைந்த அவர், பின்னர் அம்முடிவைத் திரும்பப் பெற்றார். அவர்மீது விசாரணைத் தீர்ப்பாயம் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர், அப்பதவி காலியானால் அதில் அமரக்கூடிய நிலையில் இருந்த ஹமிட் ஓமார். ஜூலை 2ஆம் நாள் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஐவர் தீர்ப்பாயத்தின் அறிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தனர். சில நாள்களில் அவ்வைவரும் இடைநீக்கம் பெற்றனர். ஆகஸ்டில் சாலே அபாஸ் நீக்கப்பட்டார். பின்னர் ஐவருள் வான் சுலைமான், ஜார்ஜ் சியா ஆகிய இருவரும் பதவி இழந்தனர். ஏனைய மூவர் பணிக்குத் திரும்பினர்.

நாட்டின் தலையாய நீதிபதி முறைகேடாக நடந்துகொண்டார் என்பதே அன்று அரசு உலகறியச் சொன்ன சொல். அச்சொல் இருபது ஆண்டுகள் அப்படியே நின்றது.

2008 மார்ச் பொதுத்தேர்தலுக்குப் பின், சட்டத்துறைப் பொறுப்பேற்ற அமைச்சர் சைட் இப்ராகிம், அந்நீதிபதிகளிடம் அரசு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றார். ஏப்ரல் 17ஆம் நாள் வழக்கறிஞர் மன்ற விருந்தில் பேசிய பிரதமர் அப்துல்லா படாவி, அறுவருக்கும் நல்லெண்ணத் தொகை வழங்கப்படும் என அறிவித்தார். அவர்களின் தொண்டையும், அவர்கள் பட்ட துயரையும் இழப்பையும் மதித்துப் பேசினார். ஆனால் மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அறுவருக்குமாக வழங்கப்பட்ட தொகை 1 கோடியே 5 லட்சம் ரிங்கிட். அறுவருள் ஒருவரான யூசுப் அப்துல்காதர் 1996ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். பழியைச் சுமந்து சென்றவருக்குப் பணம் என்ன செய்யும்?

அப்துல்லாவின் செயலை நாம் சிறுமைப்படுத்தலாகாது. பழியைச் சொன்ன அரசு அவருடையதன்று. எனினும் முந்தையோர் இருபது ஆண்டுகள் தொடாததை அவர் தொட்டார். நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கும் அவர் காலத்திலேயே வழி பிறந்தது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. நீக்கம் சரியெனில் தொகை எதற்கு? தவறெனில் அதைச் சொல்லத் தடை என்ன? அதே ஆண்டில், இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையிலான பன்னாட்டுக் குழு 1988 நீக்கங்களை ஆராய்ந்து, அவை முறையற்றவை எனக் கண்டது. அரசு வாய் திறந்து சொல்லாததை வெளியிலிருந்து வந்தோர் சொல்ல நேர்ந்தது.

இலங்கையில் இதற்கு எதிரான காட்சியைக் காண்கிறோம். தலைமை நீதிபதி சிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் நாடாளுமன்றக் குற்றப் பிரேரணை வழியாக நீக்கப்பட்டார். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும், அந்நீக்கம் செல்லாது எனப் புதிய அரசு வெளிப்படையாக அறிவித்தது. அவர் மீண்டும் இருக்கையில் அமர்ந்து, மறுநாளே ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் அப்பதவியேற்றவர் தமிழரான க. ஸ்ரீபவன். நாடாளுமன்றம் செய்ததை நிருவாகத்தின் ஆணை மாற்றலாமா என்ற குறை எழுந்தது உண்மையே. ஆயினும் அங்கே சொல்லைச் சொல்லே திருத்தியது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நாம் அறிவோம். கோவலன்மீது சுமத்திய கள்வன் என்னும் பழி பொய்யென்று விளங்கியபோது, சிலம்பின் விலையைத் தந்து அவன் கண்ணகியை அனுப்பிவிடவில்லை. நிறைந்த அவையில் பிழை தன்னதே என ஏற்றான். அந்த ஏற்பைத்தான் நம் மரபு அறம் என்று போற்றுகிறது.

இது நம் மலைக்குத் தொலைவான செய்தியன்று. 2019ஆம் ஆண்டில் கோலா தெர்லாவின் காய்கறித் தோட்டங்கள் அகற்றப்பட்டபோது உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். அரசை எதிர்த்து எளியோர் நிற்கக்கூடிய இடம் அது. அங்கு அமர்ந்திருப்பவரை அரசு பழித்து நீக்கலாம், பின்னர்த் தவறென்று சொல்லாமலே பணம் தந்து முடிக்கலாம் என்றால், அடுத்து அமர்பவர் எவ்வளவு துணிவார்?

ஆதலின், ஓர் உயர் அதிகாரியைப் பற்றித் தாம் சொன்னதைத் தலைவர் மாற்றும்போது, வகுப்பறையில் மூன்று வினாக்களை எழுப்புவோம். முன்பு சொன்னது இன்னதென்று அவர் ஒப்புக்கொண்டாரா? அது ஏன் பிழை என்று விளக்கினாரா? முன்பு சொன்ன அதே அவையில் சொன்னாரா?

துன் சாலே அபாஸ் 2021 ஜனவரி 16ஆம் நாள் காலமானார். தொகை அவரை வந்தடைந்தது. பெரட்டுக் களத்தில் சொல்ல வேண்டிய சொல் மட்டும் வரவேயில்லை.