வலைச் செயலிகளில் நிரை நிரல் மாற்றம்

அட்டவணையின் நிரைகளை நிரல்களாகவும் நிரல்களை நிரைகளாகவும் திருப்பி அடுக்குவதே நிரை நிரல் மாற்றம். ஆர்தர் கெய்லி 1858-இல் வெளியிட்ட அணிக் கோட்பாட்டுக் கட்டுரையிலேயே இது இடம்பெற்றது. விரிதாள்களிலும் இது எளிதுதான்: 1991-இல் வந்த லோட்டஸ் இம்ப்ரோவில் தலைப்பைச் சுட்டியால் இழுத்துவிட்டாலே அட்டவணை திரும்பிவிடும், 1993-இல் எக்செல் 5 பிவட் அட்டவணையைக் கொண்டுவந்தது. வலையில் மட்டும் இதற்கெனத் தனி நிரல்வரிகள் எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் எச்.டி.எம்.எல். மொழியின் அமைப்பு. 1997 ஜனவரியில் வெளிவந்த அதன் 3.2 பதிப்பில், கட்டங்கள் நிரைக்குள் அடங்கும். நிரலுக்கென்று கட்டங்கள் கிடையா. ஒவ்வொரு நிரையிலும் மூன்றாவதாக இருப்பவை ஒன்றன்கீழ் ஒன்று விழுவதால் மூன்றாம் நிரல் தோன்றுகிறது, அவ்வளவே. ஆகவே ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புதிய நிரைகள் கட்டுகிறார். பக்கவாட்டில் இணைந்த கட்டங்களை மேல்கீழாக இணைக்கிறார்.

எண்கள் மாறாதபோது இது வெறும் தோற்ற மாற்றம்தானே என்று கேட்கலாம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அட்டவணையே இதற்கு விடை. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மாவட்டத்தில் 9,50,289 பேர், காரைக்காலில் 2,00,222, ஏனாமில் 55,626, மாஹேயில் 41,816. நான்கு மாவட்டங்களும் நிரைகளாக நின்றால் இந்த எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று வந்து, எது எத்தனை இலக்கம் பெரியது என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் மக்கள்தொகை, பரப்பு, எழுத்தறிவு, மொழி என விவரங்கள் பெருகும்போது நிரல்களும் பெருகும். கடலூர் சாலையோரத் தவளக்குப்பத்தில் கைபேசியில் அதைத் திறப்பவர் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகவேண்டும். திருப்பிவிட்டால் நான்கே நிரல்கள், திரைக்குள் அடங்கும். ஒரு மாவட்டத்தை முழுமையாக அறிய அதுவே வசதி. இழப்பும் உண்டு. மாஹேயின் 41,816 பேருக்குக் கீழே 9 சதுர கிலோமீட்டர் என்ற பரப்பும், அதற்குக் கீழே மலையாளம் என்ற சொல்லும் வரும். அந்த நிரலை ஏறுவரிசையில் அடுக்குவதற்குப் பொருளே இல்லை. எத்திசையில் அடுக்குகிறோமோ, அத்திசைக்குரிய கேள்விக்கே அட்டவணை எளிதில் விடை தருகிறது.

அப்படியானால் தரவுத்தளத்திலேயே இரண்டு வடிவங்களையும் வைத்துவிடலாமே என்பது அடுத்த வாதம். ஏற்பதற்கில்லை. ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் இரண்டும் முரண்படும். மாவட்டங்களை நிரல்களாகச் சேமித்தால் புதிய மாவட்டம் வரும்போதெல்லாம் தளத்தின் அமைப்பையே மாற்ற நேரும். சேமிப்பு ஒரே வடிவில் இருக்க, காட்டும் இடத்தில் மட்டும் திருப்புவதே முறை. அங்கேயும் கட்டங்களை இடம்மாற்றியதோடு வேலை முடிந்ததென்று பல செயலிகள் நின்றுவிடுகின்றன. 1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0, ஒரு தலைப்பு நிரைக்குரியதா நிரலுக்குரியதா என்று குறிக்க வழி தந்தது. பார்வையற்றோருக்குத் திரையை வாசிக்கும் மென்பொருள் அந்தக் குறிப்பைப் பயன்படுத்துகிறது. அட்டவணையைத் திருப்பும்போது அதையும் மாற்றாவிட்டால், கண்ணால் பார்ப்பவருக்குச் சரியாகத் தெரியும் அதே எண், காதால் கேட்பவருக்கு வேறு தலைப்போடு சென்றுசேரக்கூடும்.